12 கம்பி கிட்டார்: எந்த வீடியோவை நம்பிக் கற்பது?

ஆறு கம்பி கிட்டாரில் ஓரளவு கை பழகிய ஒருவர் 12 கம்பியை மடியில் வைத்தால் முதல் நாள் ஒரே கொண்டாட்டம்தான். தெரிந்த ஜி கார்டையே பிடித்து மேலிருந்து கீழே ஒருமுறை வருடினால் போதும், இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் அறை நிறைந்துவிடும். சங்கடம் அடுத்த வாரம் ஆரம்பிக்கும். எஃப் கார்ட் பிடித்தால் பாதிக் கம்பிகள் செத்துக் கிடக்கும். விரலால் ஒவ்வொன்றாக மீட்டினால் ஜோடியில் ஒரு கம்பிதான் பேசும். சுருதி சேர்த்து முடிப்பதற்குள் வாசிக்கும் ஆசையே வடிந்துவிடும். அப்புறம்தான் வீடியோ தேட உட்காருவோம்.

தேடினால் ஐந்து வகை வந்து விழும். இலவசப் பாட்டுப் பாடங்கள் ஒரு பக்கம். ஆறு கம்பிக்கென்று எடுத்து, "12 கம்பியிலும் வாசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகும் பாடங்கள் இன்னொரு பக்கம். ஒரே ஆசிரியர் வரிசையாகச் சொல்லித்தரும் கட்டணப் பாடத்தொடர், வீடியோ அழைப்பில் நேரலை வகுப்பு, நாம் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினால் ஆசிரியர் பார்த்துவிட்டுப் பதில் வீடியோ அனுப்பும் முறை ஆகியவை மற்ற மூன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் எவ்வளவு பெரிய வித்வான், மொத்தம் எத்தனை பாடங்கள் என்பதை வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்தக் கருவியில் எவை உண்மையிலேயே கஷ்டமோ, அவற்றில் பெரும்பாலானவை கேமராவில் பதிவதே இல்லை. அவற்றை எந்த வகை வீடியோ உங்கள் காதுவரையாவது கொண்டுவந்து சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேமராவுக்குச் சிக்காதவை

12 கம்பிகள் என்றாலும் வாசிப்பவருக்கு அவை ஆறு ஜோடிகள். சுருதியில் தாழ்ந்த கீழ் இ, ஏ, டி, ஜி ஆகிய நான்கு ஜோடிகளில் வழக்கமான கம்பியோடு, ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி ஒன்று சேர்ந்திருக்கும். பி ஜோடியிலும் மேல் இ ஜோடியிலும் இரண்டு கம்பிகளும் ஒரே சுருதி. ஒரு ஜோடிக்குள் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) அதைத் தாண்டச் சில மில்லிவினாடிகள் போதும். நொடிக்கு 30 படங்கள் ஓடும் வீடியோவிலோ ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 33 மில்லிவினாடி போய்விடுகிறது. படம் படமாக நகர்த்திப் பார்த்தாலும் பிக் இரண்டு கம்பிகளையும் தொட்டதா, ஒன்றோடு நின்றதா என்று கண் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும்.

காதுக்கும் தடை உண்டு. பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கற்பது நம் எல்லோருக்கும் பழக்கம். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் இழுக்கும்போது, கம்பியில் பிக் படும் அந்த முதல் நொறுக்கு ஒலி குழைந்துபோகிறது. இடது கை எந்த ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கட்டத்தில்) எப்போது போகிறது என்று பார்க்க மெதுவேகம் அருமையான வசதி. வலது கைக்கு அது உதவாது. கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் இன்னும் மோசம். கீழ் இ கம்பியின் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது எழும்பவே எழும்பாது. மெல்லிய கம்பிகளின் பளபளப்பு மட்டும் கேட்கும். தடித்த கம்பியை ஆசிரியர் எவ்வளவு அழுத்தி வாசிக்கிறார் என்பது தெரியாமலேயே அவரைப் பின்பற்றிக்கொண்டிருப்போம். எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் ஹெட்போன் இல்லாமல் பார்க்காதீர்கள்.

கம்பிகளின் வரிசையும் ஒரு விஷயம். வழக்கமான அக்கூஸ்டிக் 12 கம்பியில், ஆக்டேவ் ஜோடிகளில் மெல்லிய கம்பி வாசிப்பவரின் முகத்துப் பக்கம் இருக்கும். பிக்கால் கீழ்நோக்கி அடித்தாலும் கட்டைவிரலால் தள்ளினாலும் மெல்லியதுதான் முதலில் ஒலிக்கும். மற்ற விரல்கள் மேல்நோக்கி இழுப்பதால் அவற்றுக்குத் தடித்தது முதலில். ஆக, ஒரே ஜி ஜோடியைக் கட்டைவிரலால் தொட்டால் ஒரு குரல், ஆள்காட்டி விரலால் தொட்டால் வேறு குரல். ஆறு கம்பியில் இப்படி ஒரு கேள்வியே எழுவதில்லை. ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் எலக்ட்ரிக் 12 கம்பியில் இந்த வரிசை தலைகீழ். கீழ்நோக்கி அடித்தால் தடித்தது முதலில் வரும். 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் அவரைப் பார்த்துப் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வினும் கையில் எடுத்தது அந்தக் கருவிதான். அவர்களுடைய வாசிப்பைக் கற்றுத்தரும் பாடத்தை அக்கூஸ்டிக்கில் அப்படியே செய்துவிட்டு, "ஏன் அந்த ஒலி வரவில்லை?" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இடது கை அழுத்தமும் கேமராவில் தெரியாது. தடித்த கம்பிக்குப் பக்கத்தில் மெல்லியது படுத்திருப்பதால், விரல் தடித்ததன் மேலேயே தங்கிவிடும். மெல்லியது முழுதாக அழுந்தாமல் இரையும். விரலின் உச்சிமுனையைவிடச் சற்றுத் தள்ளிச் சதைப் பக்கமாக வைத்தால் இரண்டும் அடங்கும். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லாத ஆசிரியரை ஆயிரம் முறை பார்த்தாலும் விஷயம் பிடிபடாது.

இலவசப் பாட்டுப் பாடங்கள்

இவற்றை மட்டமாகப் பேசமாட்டேன். கம்பி மாற்றுவது, சுருதி சேர்ப்பது, கிட்டாரின் கம்பி உயரத்தைச் சரிபார்ப்பது போன்ற கைவேலைகளுக்கு இலவச வீடியோவைவிட வேறெதுவும் தேவையில்லை. இரண்டு கம்பிகளில் ஒன்றை விரலால் அமுக்கி வைத்துக்கொண்டு மற்றதை டியூனரில் சேர்ப்பது, முதலில் ஆறு முக்கியக் கம்பிகளை முடித்துவிட்டு அப்புறம் துணைக் கம்பிகளுக்கு வருவது — இதெல்லாம் பத்து நிமிட வீடியோவில் தெளிவாகப் பிடிபடும்.

பாட்டுக்குப் போனால்தான் வம்பு. பெரும்பாலான பாட்டுப் பாடங்களில் ஆசிரியர் தன் கிட்டாரை எந்தச் சுருதியில் வைத்திருக்கிறார் என்பதையே சொல்வதில்லை. சாதாரண மெல்லிய கம்பித் தொகுதியைப் போட்டாலும் 12 கம்பியின் மொத்த இழுவிசை ஆறு கம்பியைப் போல ஒன்றரை மடங்கு. அதனால் பலரும் ஒரு முழுச் சுரம் இறக்கி, கீழ் இ கம்பியை டி-யில் வைத்து, தேவைப்படும்போது இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) போடுகிறார்கள். கிட்டாருக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது. கேப்போவுக்கு மேலே மட்டும் கேமரா காட்டினால் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

நான் ஆரம்பித்த புதிதில் இப்படி ஒரு பாடத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று கம்பிகளை ஏற்றிக்கொண்டே போனேன். ஜி ஜோடியின் மெல்லிய கம்பி 'டப்' என்று போனது. புதியது போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது முறை அறுந்ததற்குப் பாடத்தைக் குறை சொல்ல முடியாது. தட்டியது ஒரு கம்பியை, திருகியது வேறொரு கம்பியின் கீயை (கம்பியை இறுக்கும் திருகை). கிட்டாரின் தலைப்பகுதியில் 12 கீ இருந்தால் இது நடக்காத ஆள் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்தக் கம்பி ஏன் முதலில் போகிறது என்றால், முழுக் கிட்டாரிலும் மிக உயர்ந்த சுருதி அதற்குத்தான்: 392 ஹெர்ட்ஸ், மேல் இ-யின் 330ஐயும் தாண்டியது. தடிமனோ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எட்டோ ஒன்பதோ பங்குதான். இதைச் சொல்லாத சுருதிப் பாடம் அரைகுறைப் பாடம்.

எனவே இலவச வீடியோ ஒன்றைத் திறந்தால் முதல் இரண்டு நிமிடத்தில் டியூனிங், கேப்போ, கம்பித் தடிமன் மூன்றையும் சொல்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்ததுக்குப் போய்விடலாம்.

ஆறு கம்பிப் பாடங்களைக் கடன் வாங்குவது

கிட்டாரே தெரியாதவர் என்றால், 12 கம்பி வீடியோ எதுவும் இப்போது வேண்டாம். கார்ட் மாற்றமும் தாளமும் ஆறு கம்பியில் பழகட்டும். பாடங்களும் ஏராளம், விரலும் புண்ணாகாது. சில மாதம் கழித்து வந்தால் போதும்.

ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஆறு கம்பிப் பாடத்தை அப்படியே 12 கம்பியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது மூன்றாவது கம்பியான ஜி. விரல்வாசிப்பில் மெட்டு பெரும்பாலும் சுருதியில் மேலே இருக்கும் பி, இ கம்பிகளில் ஓடும். துணை ஸ்வரங்கள் ஜி-யில் விழும். 12 கம்பியில் அந்த ஜி-யின் துணைக் கம்பி மெட்டுக்கும் மேலே ஏறி ஒலிக்கும். அடக்கமாக இருக்க வேண்டிய ஸ்வரம் பாட்டுக்காரரைத் தாண்டிக் கத்தும். சிலர் அந்த ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு 11 கம்பியோடு வாசிக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து ஸ்வரத்தை ஏற்றும் பாடங்களும் இங்கே எடுபடாது. ஆக்டேவ் ஜோடியில் தடித்ததும் மெல்லியதும் ஒரே அளவு ஏறுவதில்லை. வளைத்த மாத்திரத்தில் ஜோடிக்குள்ளேயே சண்டை. வளைப்பதற்குப் பதில் விரலைச் சறுக்கிக்கொண்டுபோவது நன்றாக வரும்.

ஒரே ஆசிரியரின் பாடத்தொடர்

பதிவு செய்த பாடத்தில் 12 கம்பி கற்பது இணையக் காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகர் 1962இலேயே, தனக்கு முந்தைய பாடகர் லெட்பெல்லியின் 12 கம்பி வாசிப்பைக் கற்றுத்தர ஃபோக்வேஸ் நிறுவனத்துக்கு ஒரு இசைத்தட்டு செய்திருக்கிறார். ஹாப்பி ட்ரௌம் 1967இல் தொடங்கிய ஹோம்ஸ்பன் நிறுவனம் முதலில் ஒலிநாடாக்களில் பாடம் விற்றது. பின்னால் ரோஜர் மெக்வினே தன் 12 கம்பி வாசிப்பை அவர்களுக்காக வீடியோவில் விளக்கினார். படமே இல்லாமல் காதால் மட்டும் கற்ற தலைமுறைக்கு வலது கை ஒலி நம்மைவிட நன்றாகப் பிடிபட்டிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பாடத்தொடரில் இரண்டு ரகம். மேதை தன் வாசிப்பைத் தானே காட்டுவது ஒன்று. கற்றுத்தருவதையே தொழிலாகக் கொண்டவர் படிப்படியாகக் கட்டியது மற்றொன்று. மேதையின் பாடம் கேட்க இனிமை. ஆனால் அவரது கையோடு அவரது கிட்டாரும் சேர்ந்துதான் வரும். லெட்பெல்லி தன் ஸ்டெல்லா கிட்டாரில் தடித்த கம்பிகளைப் போட்டு, வழக்கமான சுருதியிலிருந்து இரண்டு முழுச் சுரமோ அதற்கும் மேலோ இறக்கி வாசித்தவர். அந்த இடிமுழக்க பேஸ் ஒலியை மெல்லிய கம்பிகள் போட்ட கிட்டாரில் தேடினால் கிடைக்காது. மெக்வின் பிக்கைப் பிடித்தபடியே நடுவிரலிலும் மோதிரவிரலிலும் உலோக விரல்பிக் மாட்டுகிறவர். அவரது ரிக்கன்பேக்கரின் கழுத்து, நட் (தலைப்பகுதி ஓரத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) அருகே 41 மில்லிமீட்டர் சொச்சம் அகலம். அக்கூஸ்டிக் 12 கம்பிக்கு அது 47, 48 வரை போகும். அவர் எட்டும் இடத்துக்கு உங்கள் விரல் எட்டாவிட்டால் அது உங்கள் குற்றமாகாது.

தொழில்முறை ஆசிரியரின் தொடரில் இந்த மயக்கம் குறைவு. அவருக்குத் தன் ஒலியைவிட உங்கள் கைதான் வேலை. வாங்கும் முன் மாதிரிப் பாடம் ஒன்றைப் பாருங்கள். வலது கைக்கென்று தனிக் கேமரா இருக்கிறதா? ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே, உண்மையிலேயே மெதுவாக, அதாவது வீடியோவை இழுக்காமல் ஆசிரியரே மெதுவாக வாசித்துக் காட்டுகிறாரா? தவறாக வாசித்தால் எப்படி ஒலிக்கும் என்றும் காட்டுகிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் மற்றது எதையும் பார்க்காமல் வாங்கலாம். ஒரு கம்பி மட்டும் ஒலிப்பதற்கும் இரண்டும் ஒலிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் கேட்டுவிட்டால், அப்புறம் காது சும்மா இருக்காது.

நேரலை வகுப்பு

எல்லோரும் இதைத்தான் முதலிடத்தில் வைப்பார்கள். ஆறு கம்பிக்கென்றால் நானும் வைத்திருப்பேன். 12 கம்பிக்கு ஒலி விஷயத்தில் இதுதான் கடைசி. வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. நீண்டு ஒலிக்கும் கம்பியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். 12 கம்பியின் அழகே அந்த நீளும் ஒலிதான். ஸூமில் இசைக்கென்று மூல ஒலி அமைப்பு உண்டு, அதைப் போட்டால் ஓரளவு தேறும். அப்போதும் தாமதம் காரணமாக இருவரும் சேர்ந்து வாசிக்க வழியில்லை. உங்கள் பி ஜோடியில் இரண்டு கம்பிகளும் ஒலிக்கின்றனவா என்று மறுமுனையில் இருப்பவர் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் உடம்பை அவர் பார்க்கிறார். மணிக்கட்டு வளைந்திருப்பது, தோள் தூக்கியிருப்பது, கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை நெரிப்பது, இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கை வலி இருப்பவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம். பதிவு வீடியோக்களை நிறுத்திவிட்டு நேரலையோ நேரில் ஆசிரியரோ பாருங்கள். லியோ காட்கீ போன்ற பெரிய 12 கம்பிக்காரரே 1980களின் தொடக்கத்தில் தசைநார்க் கோளாறு வந்து, விரல்பிக்குகளைக் கழற்றிவிட்டு வலது கை வாசிப்பையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கும் முன் கிட்டாரை ஒரு நல்ல பழுதுகாரரிடம் காட்டுங்கள். நட்டில் கம்பி உயரமாக உட்கார்ந்திருந்தால், எஃப் கார்டை எந்த ஆசிரியரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

பதிவு அனுப்பிப் பதில் பெறுவது

எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது, பதில் வரச் சில நாள் ஆகும். ஆனால் கைபேசியை இரண்டடி தள்ளி வைத்துப் பதிவுசெய்த ஒலி, அழைப்பில் போகும் ஒலியைவிட எவ்வளவோ மேல். ஆசிரியர் ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

நான் முதன்முதலில் அனுப்பியது ஒரு விரல்வாசிப்புத் துண்டு. வேகம் போதவில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மேல் இரண்டு ஜோடிகளில் உங்களுக்கு ஒற்றைக் கம்பிதான் ஒலிக்கிறது" என்பதுதான் பதிலின் சாரம். நான்கு மாதமாக அப்படித்தான் வாசித்திருக்கிறேன், எனக்கே தெரியாது. ஆக்டேவ் ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் உடனே காதில் படும். ஸ்வரத்தின் நிறமே மாறும். ஒரே சுருதி ஜோடியில் ஒன்று விட்டுப்போனால் சற்று மெலிந்து ஒலிக்கும், அவ்வளவுதான். விரல் மேல்நோக்கி வரும்போது முதல் கம்பியோடு தப்பித்துவிடுகிறது. கம்பிகளுக்குள் விரலைக் கொஞ்சம் ஆழமாக விட்டு, நகத்தைக் குறைத்துச் சதையால் இழுத்ததும் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியருக்கு அனுப்பாவிட்டாலும் பதிவுசெய்வது நல்லது. பி ஜோடியில் ஒரு கம்பியை அமுக்கிவிட்டு நான்கு முறை, இரண்டையும் விட்டு நான்கு முறை மீட்டிப் பதிவுசெய்யுங்கள். பிறகு உங்கள் வழக்கமான வாசிப்பைப் பதிவுசெய்து, அது எதோடு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள்.

சரி, யாருக்கு எது?

கார்ட் அடித்துப் பாடுவதுதான் நோக்கம் என்றால் இலவசப் பாடங்களே தாராளம். ஸ்ட்ரம்மிங்கில் பிக் இரண்டு கம்பிகளையும் எப்படியும் தொட்டுவிடும். காசைப் பாடத்துக்குக் கொடுக்காமல் கிட்டாரைச் சரிசெய்யக் கொடுங்கள். விரல்வாசிப்புதான் ஆசை என்றால் தொழில்முறை ஆசிரியரின் சின்னத் தொடர் ஒன்று, அதோடு மாதம் ஒருமுறையாவது பதிவு அனுப்பும் ஏற்பாடு. நூறு பாடத் தொகுப்பு வேண்டாம். முதல் பத்தைத் தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, நானும் தாண்டியதில்லை. மேதைகளின் வீடியோக்களை இதற்கெல்லாம் பிறகு, கை ஓரளவு நின்றபின் பாருங்கள். அப்போதுதான் அவர்கள் எங்கே வித்தியாசப்படுகிறார்கள் என்பதே தெரியும்.

ஒரே சமயத்தில் இரண்டு ஆசிரியர்களை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு கம்பியில் அதனால் பெரிய நஷ்டமில்லை. நான் ஒரு சமயம் கீழ் இ கம்பியைச் சி-வரை இறக்கிக் கற்றுத்தரும் ஒருவரையும், வழக்கமான இ-யில் வைத்திருக்கும் ஒருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாலையில் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் 12 கம்பிகளை ஏற்றுவதிலும் இறக்குவதிலும், ஏற்றியவை நிலைத்து நிற்கக் காத்திருப்பதிலும் பாதி போய்விடும். மீதி நேரத்தில் ஜி கம்பி அறுந்துவிடும்.